பட்ஜெட் போன்: பெரிய எண்களை நம்பலாமா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

மாடிப்படி கேட்டது:

வணக்கம் மக்களே. கையில் இருக்கும் போனின் பேட்டரி வீங்கிப் பின்மூடியைத் தூக்க ஆரம்பித்துவிட்டது, அதனால் புதிது வாங்குவதைத் தள்ளிப்போட வழியில்லை. மலிவு வரிசையில்தான் பார்க்கிறேன், அதற்கு மேல் போக முடியாது. கேம் விளையாடுவதில்லை. அழைப்பு, வாட்ஸ்அப், வங்கிச் செயலி, மேப், ராத்திரி கொஞ்சம் வீடியோ, அவ்வளவுதான். ஆனால் வாங்கினால் நாலு வருஷமாவது ஓட வேண்டும்.

தேடித் தேடி இரண்டு மாடல்களில் வந்து நிற்கிறேன். பெயரைச் சொன்னால் பிராண்டு சண்டை ஆரம்பித்துவிடும் என்பதால் முதலாவது, இரண்டாவது என்றே வைத்துக்கொள்வோம். முதலாவதில் 108 மெகாபிக்சல் கேமரா, "16 ஜிபி வரை ரேம்", 120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே, 33 வாட் சார்ஜிங், ஆக்டா கோர் ப்ராசசர். இரண்டாவதில் 50 மெகாபிக்சல், 6 ஜிபி ரேம், 90 ஹெர்ட்ஸ், 25 வாட், அதுவும் ஆக்டா கோர். இரண்டிலும் 128 ஜிபி ஸ்டோரேஜ், 5000 எம்ஏஎச் பேட்டரி. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எண்களைப் பார்த்தால் முதலாவது எல்லாவற்றிலும் பெரியது, ரிவ்யூக்களிலும் அதைத்தான் "இந்த விலைக்கு இவ்வளவா" என்று கொண்டாடுகிறார்கள். அதே விலையில் இன்னொரு கம்பெனி ஏன் இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இந்த இரண்டில் எது என்று மட்டும் சொல்லாமல், எப்படிப் பார்த்து முடிவு செய்வது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வெட்டிவேர்:

போன் தேர்வெல்லாம் அப்புறம். வீங்கின பேட்டரி இருக்கிற போனை சார்ஜ் போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். அழுத்தி மூடிப் பார்ப்பது, டேப் ஒட்டுவது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது எதுவும் வேண்டாம், தீப்பிடிக்கும். தேவையானதை காப்பி எடுத்துக்கொண்டு அணைத்து, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பையிலும் போடாதீர்கள், மின்கழிவு வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

---

கம்பிவடம்:

மேலே சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள், கொஞ்சம் நீளம்.

மலிவு போன் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. செலவிட இவ்வளவுதான் பணம், அதைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்கக்கூடிய இடத்தில் போடுவதா, யாரும் கேட்காத இடத்தில் போடுவதா? பெரும்பாலும் முதல் வகைதான் ஜெயிக்கும். ஆகவே ஒரு மலிவு போனின் ஸ்பெக் பட்டியலைப் பார்க்கும்போது அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று தேடுங்கள். நல்ல விஷயம் ஒன்று உள்ளே இருந்தால் கம்பெனி அதைச் சொல்லாமல் விடவே விடாது. ஒரு வரி காணவில்லை என்றால் அங்கேதான் சிக்கனம் நடந்திருக்கிறது.

நீங்கள் எழுதியதிலேயே பாருங்கள், "128 ஜிபி ஸ்டோரேஜ்" என்று இருக்கிறது, எந்த வகை ஸ்டோரேஜ் என்று இல்லை. நாலு வருஷம் ஓட வேண்டும் என்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. இஎம்எம்சி, யுஎஃப்எஸ் என்று இரண்டு வகை. இஎம்எம்சி 5.1-இன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி, அதுவும் தரம் அனுமதிக்கும் வரம்பு, கையில் கிடைப்பது இன்னும் குறைவு. தவிர அது ஒரு நேரத்தில் ஒன்று படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. யுஎஃப்எஸ் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யும். 2020-இல் வந்த யுஎஃப்எஸ் 2.2-இல் எழுதும் வேகத்தைக் கூட்ட ரைட் பூஸ்டர் என்ற ஏற்பாடும் சேர்ந்தது. ஒரு பக்கம் பிளே ஸ்டோர் நாலு செயலிகளை அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் நீங்கள் வங்கிச் செயலியைத் திறந்தால், இஎம்எம்சி போன் திணறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். "போன் ஹேங் ஆகிறது" என்று திட்டும்போது ப்ராசசரைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள், பாதி நேரம் காத்திருப்பது ஸ்டோரேஜுக்காக.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. ஃபிளாஷ் ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப மெதுவாகும். ரிவ்யூ செய்கிறவர் கையில் இருப்பது முந்தாநாள் பெட்டியைப் பிரித்த காலி போன். உங்கள் கையில் இரண்டாம் வருஷம் இருக்கப்போவது ஆயிரக்கணக்கான வாட்ஸ்அப் வீடியோவும் குடும்ப குரூப்பின் காலை வணக்கப் படங்களும் நிரம்பிய போன். இரண்டும் ஒரே போன் அல்ல. முதல் வாரத்து ரிவ்யூவில் "வெண்ணெய் மாதிரி ஓடுகிறது" என்று சொல்வது பொய் இல்லை, ஆனால் அதை வைத்து நீங்கள் முடிவெடுக்க முடியாது.

ரேமுக்கு வருவோம். "16 ஜிபி வரை" என்பதில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்மையான ரேம் 8 ஜிபியாக இருக்கும், சில மாடல்களில் 4-தான் இருக்கும், மீதி ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ரேமின் வேகம் வேறு, ஸ்டோரேஜின் வேகம் வேறு, அதிலும் அந்த ஸ்டோரேஜ் இஎம்எம்சி என்றால் கேட்கவே வேண்டாம். வாங்கியதும் செட்டிங்கில் போய் அதை அணைத்துவிடலாம், 128 ஜிபியில் எட்டு ஜிபியாவது திரும்பக் கிடைக்கும், அதுதான் அதனால் வரும் உருப்படியான லாபம். உங்கள் பயன்பாட்டுக்கு 6 ஜிபி நிஜ ரேம் போதும், 4 ஜிபி வேண்டாம்.

ப்ராசசர். ஆக்டா கோர் என்றால் எட்டு கோர் (ப்ராசசருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்), எட்டும் என்ன ஜாதி என்று கேட்க வேண்டும். ஹீலியோ ஜி35, ஜி37 போன்ற ப்ராசசர்களில் எட்டுமே கார்டெக்ஸ் ஏ53. அந்த கோரை ஆர்ம் நிறுவனம் அறிவித்தது 2012-இல். யுனிசாக் டி606, டி612, ஹீலியோ ஜி85 போன்றவற்றில் இரண்டு ஏ75, ஆறு ஏ55. 2022-இல் வந்த ஹீலியோ ஜி99-இல் இரண்டு ஏ76, ஆறு ஏ55, அதுவும் 6 நானோமீட்டர் என்ற நுண்ணிய தயாரிப்பு முறையில் செய்தது, சூடும் குறைவு. எல்லாமே விளம்பரத்தில் "ஆக்டா கோர்". பெரிய கோர் (வேகமான அந்த இரண்டு) ஏ76 அல்லது அதற்கு மேல் இருந்தால் கேம் ஆடாத ஒருவருக்கு நாலு வருஷம் நிம்மதியாக ஓடும், ஏ75 என்றால் கடைசி ஒரு வருஷம் பொறுமை வேண்டும், வெறும் ஏ53 என்றால் இன்றைக்கே வேண்டாம்.

பெயரையும் நம்பாதீர்கள். 4ஜி, 5ஜி என்று ஒரே பெயரில் இரண்டு போன் வரும், உள்ளே சம்பந்தமே இருக்காது. ரெட்மி 12 என்ற பெயரில் 4ஜி போனில் ஹீலியோ ஜி88, 5ஜி போனில் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2. ஒன்றின் ரிவ்யூவைப் பார்த்துவிட்டு மற்றதை வாங்கினால் அவ்வளவுதான்.

---

தூங்காநிலவு:

கம்பிவடம் அண்ணன் கேமராவை விட்டுவிட்டார், நான் சொல்கிறேன்.

108 மெகாபிக்சல் சென்சார் வழக்கமாக ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கும். 50 மெகாபிக்சல் நாலைச் சேர்த்துப் பன்னிரண்டரை கொடுக்கும். அதாவது இரண்டு போனிலும் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பப்போவது ஏறக்குறைய ஒரே அளவு படம். வித்தியாசம் சென்சாரின் உடல் அளவிலும், அதிலிருந்து வருவதைப் பதப்படுத்தும் ப்ராசசரிலும் இருக்கிறது. மெலிந்த ப்ராசசரோடு 108-ஐக் கட்டினால் ஷட்டரை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், குழந்தையைப் படம் எடுப்பவர்களுக்கு இது புரியும். பின்னாலேயே "ட்ரிபிள் கேமரா" என்று 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் என்று ஒட்டியிருப்பார்கள், அவற்றைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். அழகுக்கு வைத்த ஓட்டை.

ரிவ்யூவில் பகல் வெளிச்சப் படங்களைத் தாண்டி உள்ளறை விளக்கில் நகரும் ஆளை எடுத்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் காரணம் இருக்கும்.

டிஸ்ப்ளேயும் அப்படித்தான். 120 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 120 முறை புதுப்பித்துக்கொள்ளும் என்று சொன்னார்களே, ரெசல்யூஷன் சொன்னார்களா? "எச்டி பிளஸ்" என்றால் 720-க்கு 1600. 6.7 அங்குலத்தில் அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு 262 பிக்சல்தான். "ஃபுல் எச்டி பிளஸ்" (1080-க்கு 2400) என்றால் 393. சின்ன எழுத்துத் தமிழ் படிக்கும்போது, முக்கியமாக சுழிகளும் புள்ளிகளும், இந்த வித்தியாசம் தெரியும். 90-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசத்தை கண்ணைத் திறந்து வைத்துப் பார்த்தாலும் நிறையப் பேரால் கண்டுபிடிக்க முடியாது.

---

நாலாம்கை:

ஏன் இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள் எல்லாரும்? அதே பணத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தைய உயர்வரிசை போன் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். நல்ல ப்ராசசர், நல்ல கேமரா, படம் நடுங்காமல் பிடிக்கும் நிஜமான ஸ்டெபிலைசேஷன், அலுமினிய பிரேம். புது மலிவு போன் எதுவும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பெட்டி வாசனைக்குப் பணம் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அப்டேட் அப்டேட் என்று பயமுறுத்துவார்கள் பாருங்கள், வாட்ஸ்அப் இன்னும் 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 வரைக்கும் ஆதரவு கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் நான். செயலி அவ்வளவு சீக்கிரம் கைவிடாது.

---

கம்பிவடம்:

நாலாம்கை சொல்வதில் பாதி சரி. வேகமும் கேமராவும் மட்டும் வேண்டும் என்றால் பழைய உயர்வரிசை போன்தான் ஜெயிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவரின் தேவையைப் பாருங்கள்: வங்கிச் செயலி, நாலு வருஷம்.

செயலி ஓடுவது வேறு, போன் பாதுகாப்பாக இருப்பது வேறு. ஆண்ட்ராய்டுக்குத் தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகின்றன, அவற்றை உங்கள் போனுக்கு ஏற்றபடி தயாரித்து அனுப்ப வேண்டியது போன் கம்பெனி. ஆண்ட்ராய்டு 10 முதல் சில பகுதிகள் கூகுள் பிளே வழியாக நேரடியாகவே அப்டேட் ஆகும் என்பது உண்மை, ஆனால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ப்ராசசர் டிரைவர் போன்ற அடியாழத்துப் பகுதிகளுக்கு அந்த வழி போதாது. கம்பெனி கைவிட்ட போனில் அந்த ஓட்டைகள் அப்படியே கிடக்கும். கேம் ஆட, படம் பார்க்க அப்படி ஒரு போன் இருந்தால் பரவாயில்லை, பணம் போகிற வழி அதில் இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

மாடிப்படி, நீங்கள் இரண்டு போன்களுக்கும் எத்தனை வருஷ அப்டேட் என்று எழுதவே இல்லை. அதைப் பாருங்கள். பார்க்கும்போது மூன்று விஷயம். ஒன்று, ஆண்ட்ராய்டு பதிப்பு உயர்வு வேறு, பாதுகாப்பு அப்டேட் வேறு, "4 ஆண்டு" என்பது எதற்கு என்று பார்க்க வேண்டும். இரண்டு, வருஷக் கணக்கு அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. ஒன்றரை வருஷம் முன் வந்த போனைத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த ஒன்றரை வருஷமும் போயிற்று. பழைய உயர்வரிசை போனின் பிரச்சினையும் இதுதான். மூன்று, வாக்குறுதி எழுத்தில் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருக்க வேண்டும், கடைக்காரர் வாயில் இருந்தால் அது கணக்கில்லை. சாம்சங் 2024-இல் கேலக்ஸி ஏ16 போனுக்கு ஆறு வருஷம் என்று அறிவித்தது, அதனால் இந்த வரிசையில் நீண்ட ஆதரவு நடக்காத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு உபாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்குப் புது விதிகள் வந்திருக்கின்றன. 800 சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும், அந்த மாடலின் விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது 5 வருஷம் இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும் என்றெல்லாம். கீழே விழுந்தால் தாங்குமா, பழுது பார்ப்பது சுலபமா என்பதற்கும் மதிப்பெண் போட்டு இப்ரெல் என்ற தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எங்கே இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். உங்கள் மாடல் அங்கேயும் விற்கிறதென்றால் விளம்பரத்தில் இல்லாத தகவல் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் மாடல் எண் வேறாக இருக்கலாம், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

---

நாலாம்கை:

வங்கி விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். ஆனாலும் பழைய போன் பழைய போன்தான் 😄

---

மாடிப்படி:

எல்லாருக்கும் நன்றி, பழைய போனை அணைத்து வெளியே வைத்துவிட்டேன், இப்போது கடன் வாங்கிய போனில் எழுதுகிறேன்.

உட்கார்ந்து தேடினேன். முதலாவதின் சொந்தத் தளத்தில் ஸ்டோரேஜ் வகை எங்கேயும் இல்லை. போன் விவரங்களைத் தொகுக்கும் ஜிஎஸ்எம் அரீனா தளத்தில் மெமரி வரிக்குக் கீழே சின்னதாக இஎம்எம்சி 5.1 என்று இருந்தது! ப்ராசசர் யுனிசாக் டி612. டிஸ்ப்ளே எச்டி பிளஸ். அப்டேட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவதில் யுஎஃப்எஸ் 2.2, ஹீலியோ ஜி99, ஃபுல் எச்டி பிளஸ், ஆறு வருஷம் பாதுகாப்பு அப்டேட் என்று கம்பெனி தளத்திலேயே போட்டிருக்கிறது, மாடல் வந்து நாலு மாசம்தான் ஆகிறது. ஆக, குறைவாகக் கொடுக்கவில்லை, வேறு இடத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆனால் அதிலும் குறை சொல்கிறார்கள். பெட்டியில் சார்ஜர் கிடையாது. பேசும்போது திரை அணையாமல் கன்னம் பட்டு மியூட் ஆகிவிடுகிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இது பெரிய விஷயமா?

---

தூங்காநிலவு:

அந்தக் கன்னம் விஷயம் உங்களுக்குப் பெரிய விஷயம்தான், நாள் முழுக்கப் பேசுகிறவர் என்றால். முன்பெல்லாம் காதருகே கொண்டுபோனால் திரையை அணைக்கத் தனியாக ஒரு அகச்சிவப்பு சென்சார் இருக்கும். இப்போது நிறைய மலிவு போன்களில் அதை எடுத்துவிட்டு மென்பொருளால் சமாளிக்கிறார்கள், சிலவற்றில் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அது திரும்புவதை வைத்து ஊகிக்கிறது. சில நேரம் ஏமாறும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனில் சிம் போடவிட்டால் ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள், நேராகப் பிடித்து, தோளில் இடுக்கி, இரண்டு விதமாகவும். முடியாது என்றால் திருப்பிக் கொடுக்க வசதி இருக்கிற இடத்தில் வாங்கி முதல் நாளே சோதியுங்கள்.

கூடவே இன்னும் இரண்டு சென்சார். மேக்னட்டோமீட்டர், அதாவது திசைகாட்டி இல்லையென்றால் மேப்பில் நீங்கள் நிற்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது, பத்தடி நடந்து பார்த்துத்தான் வழி சரியா தப்பா என்று புரியும். நீங்கள் மேப் பயன்படுத்துவீர்கள் என்பதால் சொல்கிறேன். கைரோஸ்கோப் இல்லையென்றால் வீடியோ நடுக்கம் கூடும், மற்றபடி உங்களுக்குப் பெரிதாகத் தேவைப்படாது. இவையும் பட்டியலில் "காணவில்லை" வகைதான், சென்சார் என்ற வரியில் தேடினால் தெரிந்துவிடும்.

ராத்திரி வீடியோ பார்ப்பேன் என்றீர்கள், வைட்வைன் எல்1 (கட்டண வீடியோவைத் திருட்டிலிருந்து காக்கும் முறையின் உயர்ந்த நிலை) இருக்கிறதா என்று டிஆர்எம் இன்ஃபோ என்ற சின்னச் செயலியைப் போட்டுப் பாருங்கள். எல்3 என்று காட்டினால் நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை குறைந்த தரத்தில்தான் ஓடும், திரை எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை. யூடியூபுக்கு இது பொருந்தாது.

---

வெட்டிவேர்:

சார்ஜர் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம், விலையில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 வாட் என்பது போன் வாங்கிக்கொள்ளக்கூடிய உச்சம். எந்த சார்ஜரைச் செருகினாலும் அந்த வேகம் வராது. 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-ஹவர் சக்தி, பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் வழியில் வீணாவதையும் கடைசியில் மெதுவாவதையும் சேர்த்து இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு அதுவே போதும், பேட்டரிக்கும் நல்லது. வேகம் வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன் அந்த போன் எந்த முறையில் 25 வாட் எடுக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி பிடி, பிபிஎஸ் (எல்லா கம்பெனிக்கும் பொதுவான வேகச் சார்ஜ் முறைகள்) என்று போட்டிருந்தால் அதே இரண்டு பெயரும் 25 வாட்டும் உள்ள எந்த நல்ல கம்பெனி சார்ஜரும் வேலை செய்யும், அடுத்த போனுக்கும் உதவும். கம்பெனியின் சொந்த முறை என்றால் அவர்கள் சார்ஜரைத்தான் வாங்க வேண்டிவரும்.

உறையும் திரைக்கு ஒட்டும் கண்ணாடியும் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அதிகம் விற்காத மாடலுக்கு இரண்டாம் வருஷம் தேடினால் கிடைக்காது, திரை உடைந்தால் உதிரிக்கும் அதே கதை.

---

மாடிப்படி:

திசைகாட்டி இருக்கிறது, கைரோ இல்லை. பிடி, பிபிஎஸ் என்றுதான் போட்டிருக்கிறது. நாளைக்குக் கடைக்குப் போய் சிம் போட்டுப் பேசிப் பார்க்கப்போகிறேன். ஒரே ஒரு கேள்வி: 4 ஜிபி ரேம் மாடல் கொஞ்சம் மலிவாக வருகிறது, அந்த வித்தியாசத்தில் சார்ஜர் வாங்கிவிடலாம். எடுக்கலாமா?

---

கம்பிவடம்:

வேண்டாம், 6-ஐயே எடுங்கள். சார்ஜரை அடுத்த மாசம்கூட வாங்கலாம், ரேமைப் பிறகு சேர்க்க முடியாது. ஆறு வருஷ அப்டேட் என்றால் வருஷா வருஷம் ஆண்ட்ராய்டும் செயலிகளும் கனத்துக்கொண்டே போகும், 4 ஜிபியில் மேப்பிலிருந்து வாட்ஸ்அப் போய்த் திரும்பினால் மேப் முதலிலிருந்து தொடங்கும். கடையில் பேசிப் பார்க்கும்போது பெட்டியில் அச்சான மாடல் எண்ணும் நீங்கள் தளத்தில் பார்த்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்டோரேஜ் வேகம் அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு ஓட்டுங்கள். படிக்கும் வேகம் 400 எம்பியைத் தாண்டினால் உள்ளே இருப்பது இஎம்எம்சி இல்லை. 300-க்குக் கீழேயே நின்றால் பில்லோடு திரும்பக் கடைக்குப் போங்கள்.